இலைக்கு விலை சொல்பவர் யார்?

(வாலாஜாபாத்தில் நடைபெற்ற கூட்டத்தில் ஆற்றிய உரை)



வாலாஜாபாத்தில் புகையிலையைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று சொன்னதும், என்னுடன் வந்த தோழர் சிரித்தார். "அங்கே நெல் விளைகிறது, நிலக்கடலை விளைகிறது, அய்யம்பேட்டையிலும் முத்தியால்பேட்டையிலும் தறி ஓடுகிறது, புகையிலைக்கு அங்கே என்ன வேலை?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. புகையிலைக்குப் பெயர்பெற்ற ஊரல்ல இது. ஆனால் இந்த மேடைக்கு எதிரே இருக்கிற பெட்டிக்கடையை ஒருமுறை திரும்பிப் பாருங்கள். அங்கே பீடிக் கட்டு இருக்கிறது. அதன் தூள் குஜராத்திலிருந்தோ கன்னட நாட்டு நிப்பாணியிலிருந்தோ வந்தது. அதைச் சுற்றிய இலை மத்தியப் பிரதேசத்துக் காட்டில் பறித்தது. சுற்றிய கை குடியாத்தத்துத் தாயின் கையாகவோ நெல்லைச் சீமைத் தங்கையின் கையாகவோ இருக்கும். பக்கத்திலேயே வெற்றிலைக் கூறு. அதற்குத் துணையாகத் திண்டுக்கல் போயிலை. ஒரு சாண் அகலக் கடையில் பாதி இந்தியா தொங்குகிறது! வாங்குகிறவர் அதைக் காண்பதில்லை, பற்றவைத்துக்கொண்டு போய்விடுகிறார்.

வேறொரு காரணமும் உண்டு. பாவும் பட்டும் ஒருவர் கொடுக்க, வீட்டுக்குள்ளேயே தறி போட்டுக் குடும்பமே உழைக்க, நெய்ததைக் கொண்டுபோய்க் கொடுத்துக் கூலி வாங்கும்போது "இதிலே குறை, அதிலே கறை" என்று பிடித்தம் போடுகிறார்களே, அந்த ஏற்பாட்டை உங்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. இலையும் தூளும் கொடுத்துப் பீடி வாங்குகிறவர்கள் கைக்கொள்வதும் அச்சு அசலாக அந்த ஏற்பாடுதான். ஆகவே இந்த ஊர்க்காரர்களுக்குப் புரிகிற அளவு, புகையிலையே விளைகிற ஊர்க்காரர்களுக்குக்கூடப் பீடித் தொழிலின் சூட்சுமம் புரியாது என்பது என் எண்ணம்.

இந்த ஊரின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்க்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கிய ஊர். கும்பெனிப் பட்டாளம் பாளையம் இறங்கியிருந்த ஊர். அந்த நவாப் கும்பெனிக்கும், கும்பெனியின் உத்தியோகஸ்தர்களுக்கும் பட்ட கடன் ஒரு பெரிய கதை. கடனுக்கு ஈடாக நின்றது குடியானவன் கட்டிய நிலவரி. 1763இல் செங்கற்பட்டுச் சீமை ஜாகீராகக் கும்பெனியின் கைக்குப் போயிற்று. 1801இல் கர்நாடகம் முழுவதுமே போயிற்று. முன்பணம் கொடுத்தவன் விளைச்சலுக்கு எப்படி உரிமை கொண்டாடுவான் என்பதை இந்த மண் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே பார்த்துவிட்டது. அந்தப் பாடத்தை மனத்தில் வைத்துக்கொண்டு புகையிலைக் கொல்லைக்கு வாருங்கள்.

புகையிலை நம் மண்ணின் பயிரல்ல. அமெரிக்கக் கண்டத்துப் பழங்குடி மக்கள் வளர்த்த செடி. போர்த்துக்கீசியர் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். அக்பர் அவைக்குப் பீஜப்பூரிலிருந்து ஒருவர் காணிக்கையாக எடுத்துச் சென்றார். அவருடைய மகன் ஜஹாங்கீர் 1617இல் தடை போட்டார். தடை போட்டவர் போய்விட்டார், புகை நின்றபாடில்லை. தமிழ்நாட்டில் அது பரவிய வேகத்தைச் சொல்லவேண்டுமானால், சீனிச் சர்க்கரைப் புலவர் புகையிலையைத் தூதாகவே அனுப்பிப் 'புகையிலை விடு தூது' பாடினார், உ.வே. சாமிநாதையர் அதைத் தேடிப் பதிப்பித்தார். அன்னத்தையும் மேகத்தையும் தூது விட்ட நாட்டில், அயலிலிருந்து வந்த ஓர் இலைக்கு அந்த இடம் கிடைத்தது என்றால், அதன் செல்வாக்கை எண்ணிக்கொள்ளுங்கள்.

செல்வாக்கு இருக்கும் இடத்தில் அரசாங்கத்தின் கண் விழாமல் இருக்குமா? கும்பெனியார் மலபார், கன்னடக் கரையில் புகையிலை விற்கும் உரிமையைத் தமக்கே வைத்துக்கொண்டு ஏகபோகம் நடத்தினார்கள். விளைவித்த கோவைச் சீமை உழவன், கரைக்கு அப்பால் உள்ள மலையாள நாட்டுக்குத் தன் இலையைத் தானே கொண்டுபோய் விற்க முடியவில்லை. யாழ்ப்பாணத்து உழவன் தோட்டத்துப் புகையிலையைத் தோணியில் ஏற்றித் திருவிதாங்கூருக்கு அனுப்பினான். அங்கும் சர்க்கார்தான் ஏகபோக வியாபாரி! திவான் மாதவராவ் காலத்தில், 1863இல், அந்த ஏகபோகம் ஒழிந்து இறக்குமதி வரியாக மாறிற்று. உழவனுக்கும் உண்பவனுக்கும் நடுவே ஒரு கை எப்போதும் நீட்டிக்கொண்டே இருந்தது. கைக்குச் சொந்தக்காரர்தான் காலத்துக்குக் காலம் மாறினார்.

திண்டுக்கல் இலையையும் திருச்சிச் சுருட்டையும் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. 1887இல் வெளியான முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையிலேயே துப்பறிவாளர் சாம்பலைப் பார்த்துத் திருச்சிச் சுருட்டு என்று கண்டுபிடிக்கிறார் என்பதைச் சொல்லி நம்மவர்கள் மகிழ்வதுண்டு. மகிழட்டும். அந்தச் சுருட்டை உருட்டியவன் பெயரை எந்தத் துப்பறிவாளரும் கண்டுபிடிக்கவில்லை.

இரண்டாம் உலகப் போர் வந்தது. போருக்குப் பணம் வேண்டும். வெள்ளை அரசு 1943இல் புகையிலைக்கு ஆயத் தீர்வை போட்டது. ஆலையில் செய்த சிகரெட்டோடு அது நிற்கவில்லை. உழவன் கொல்லையில் விளைந்த பச்சை இலைக்கே வந்தது. அடுத்த ஆண்டு 1944இல் எல்லாத் தீர்வைகளையும் ஒரே சட்டத்தில் கோத்தார்கள். அந்தச் சட்டத்தின் பெயரைக் கவனியுங்கள்: மத்திய ஆயத் தீர்வை மற்றும் உப்புச் சட்டம். ஒரு பக்கம் உப்பு, மறுபக்கம் புகையிலை! வேதாரண்யம் கரையை நினைத்துப் பாருங்கள். 1930இல் உப்பு எடுத்து அடிபட்ட கரை அது. அதே மணற்பாங்கில் புகையிலையும் விளைந்தது. உப்பு வரி 1947இல் போயிற்று. புகையிலைத் தீர்வை போகவில்லை. உழவன் தன் கொல்லையைப் பதிவு செய்யவேண்டும். எத்தனை செடி, எத்தனை எடை என்று கணக்குக் காட்டவேண்டும். அதிகாரி வந்து பார்க்கும்வரை, விளைந்த இலை விற்கும் இலையாகாது. நெல் விளைவித்தவனுக்கு இல்லாத காவல், புகையிலை விளைவித்தவனுக்கு முப்பத்தாறு ஆண்டுகள் இருந்தது. 1979இல் சரண்சிங் நிதியமைச்சராக இருந்து தந்த வரவுசெலவுத் திட்டத்தில்தான் பச்சை இலை மீதான தீர்வை நீங்கிற்று. அவர் உழவர் மகன் என்பது அந்த ஒரு வரியில் தெரிந்தது.

இப்போது கொல்லைக்குள் இறங்குவோம். புகையிலை விதையை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? ஒரு கிராம் எடையில் பத்தாயிரத்துக்கு மேல் விதை இருக்கும். மணலோடு கலந்துதான் தூவவேண்டும். நாற்றங்காலில் குழந்தையைப்போல் காத்து, மழைக்காலத்தில் எடுத்து நடவேண்டும். செடி எழுந்ததும் கொழுந்தைக் கிள்ளவேண்டும். கிள்ளினால் பக்கத்தில் சிம்பு வெடிக்கும். அதையும் வாரந்தோறும் ஒடிக்கவேண்டும். அந்தப் பிசின் கையெல்லாம் ஒட்டும். பனி ஈரத்தில் இலை தொடுகிறவர்களுக்குத் தோல் வழியே நிகோடின் ஏறித் தலை சுற்றும், வாந்தி வரும். வேரைப் பற்றிக்கொண்டு செடியின் உயிரை உறிஞ்சும் ஒட்டுண்ணிக்கு உழவர்கள் வைத்த பெயர் புகையிலைக் காளான். முளைத்தபின் கையால் பிடுங்கி அழிப்பதே அவர்கள் அறிந்த வைத்தியம். மாசியில் வெட்டி, வெயிலில் காயவைத்து, பந்தலில் தொங்கவிட்டு, அம்பாரம் போட்டு, மெல்லும் புகையிலையானால் கருப்பட்டி நீர் தெளித்துப் பாடம் செய்து, சிப்பம் கட்டும் வரையில் குடும்பத்துக்கு ஓய்வில்லை.

இத்தனை பாடு பட்டு அதை ஏன் பயிரிடுகிறார்கள்? "பேராசை" என்பார்கள் பட்டணத்தில் இருந்துகொண்டு பேசுகிறவர்கள். அந்தியூர், பவானி, கோபி வட்டாரங்களுக்குப் போய்ப் பாருங்கள். பல கிணறுகளில் தண்ணீர் உப்பு. அந்த நீருக்கு வாழை வாடும், மஞ்சள் மறுக்கும். மெல்லும் புகையிலைக்கோ உப்பு நீரே உகந்தது. இலைக்கு அது கனமும் காரமும் தருகிறது. சிகரெட்டுப் புகையிலைக்கு அதே உப்பு ஆகாது, இலை சரியாக எரியாது. ஆக, வேறெதுவும் வராத கிணற்றடியில் காசு தருகிற பயிர் அது. இன்னொன்று, பாடம் செய்த இலை கெடாது. தக்காளிபோல் அன்றே கொட்டித் தீர்க்கவேண்டியதில்லை. மூன்றாவதாகச் சொல்லவேண்டியதுதான் முக்கியம்: நடவுக்கு முன்பே வியாபாரி முன்பணம் தருகிறார். கூட்டுறவு வங்கி கையெழுத்துக்குமேல் கையெழுத்துக் கேட்கும் நேரத்தில், மண்டிக்காரர் மடியை அவிழ்க்கிறார். கொடுத்தவருக்கே சிப்பம் போகவேண்டும் என்பது எழுதாத சட்டம். வாலாஜா நவாபின் கதை இங்கே கொல்லை அளவில் நடக்கிறது.

விலை சொல்வது யார் என்ற கேள்விக்கு இப்போது வரலாம். ஈரோட்டு மஞ்சளுக்கு ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் உண்டு, ஏலம் உண்டு. நெல்லுக்கு ஆதரவு விலை உண்டு; அது போதாது என்று நாம் போராடுகிறோம் என்றாலும், உண்டு. ஆந்திரத்திலும் கன்னட நாட்டிலும் விளையும் சிகரெட்டுப் புகையிலைக்கு 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி புகையிலை வாரியம் அமைந்தது, குண்டூரில் தலைமையகம், 1984, 1985 முதல் ஏலத் தளங்கள். அங்கேயும் பால் வார்த்துவிடவில்லை. 2015இல் விலை சரிந்தபோது பிரகாசம் மாவட்டத்தில் உழவர்கள் உயிரை மாய்த்துக்கொண்ட கொடுமையை நாடே பார்த்தது. ஏலம் கூவுகிற தளத்தில் வாங்க நிற்கிறவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களாக இருந்தால், கூவலுக்கு என்ன பொருள்? ஆனாலும் அவர்களுக்கு முறையிட ஒரு வாரியம் இருந்தது. கூடிநிற்க ஒரு தளம் இருந்தது. தமிழ்நாட்டு மெல்லும் புகையிலைக்காரனுக்கு அந்தத் தளமும் இல்லை, ஆதரவு விலையும் இல்லை. வியாபாரி இலையைத் தடவிப் பார்க்கிறார், மோந்து பார்க்கிறார், உதட்டைப் பிதுக்குகிறார், அதுதான் விலை.

அரசாங்கமோ ஒரே வாயால் இரண்டு பேச்சுப் பேசுகிறது. 1947இல் இராஜமுந்திரியில் மத்தியப் புகையிலை ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. அடுத்த ஆண்டே நம் வேடசந்தூரில் அதன் கிளை. அங்கே ஆராய்ந்து, 'அபிராமி' என்றும் 'பாக்கியலட்சுமி' என்றும் மெல்லும் புகையிலை ரகங்களை வெளியிட்டார்கள். அம்மன் பெயரிட்டு வளர்த்த செடி! 2013 மே மாதம் மாநில அரசு குட்காவுக்கும் புகையிலை கலந்த மெல்லும் பண்டங்களுக்கும் தடை அறிவித்தது. ஆண்டுக்காண்டு அது நீட்டிக்கப்பட்டது. 2023 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. ஏப்ரலில் உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்புக்கு இடைக்காலத் தடை விதித்தது. தடையைக் குறைசொல்ல நான் வரவில்லை. குழந்தைகள் கையில் குட்காப் பொட்டலம் இருப்பதைக் கண்டவன் அப்படிச் சொல்லமாட்டான். நான் கேட்பது வேறு. விதை கொடுத்த சர்க்காரும், தடை போட்ட சர்க்காரும், நடுவில் நிற்கிற உழவனை ஒருநாளாவது உட்காரவைத்து, "அப்பா, இனி என்ன பயிரிடுவாய்?" என்று கேட்டதுண்டா?

தறிக்காரத் தோழர்களே, இனி உங்கள் பக்கத்து வீட்டுக் கதை. இந்தியாவில் பதிவு பெற்ற பீடித் தொழிலாளர் ஏறத்தாழ ஐம்பது இலட்சம் பேர். பெரும்பாலோர் பெண்கள், வீட்டுத் திண்ணையில், மடியில் முறத்தை வைத்துக்கொண்டு சுற்றுகிறவர்கள். இலையை நனைத்து, அளவாக வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, வாயை மடித்து, நூல் கட்டி... நாளெல்லாம் குனிந்திருந்தால் ஆயிரம். இலை எடை குறைந்திருந்தால் ஆயிரம் வராது. குறைந்ததைச் சொந்தக் காசில் வாங்கி நிரப்பவேண்டும். கொண்டுபோய்க் கொடுத்தால் "இது தடிப்பு, இது ஒல்லி" என்று கழிப்பார்கள். கழித்த பீடிக்குக் கூலி கிடையாது. ஆனால் கழித்த பீடி அடுப்பில் போட்டு எரிக்கப்படுகிறது என்று யாரும் நம்பிவிடாதீர்கள்!

இந்தக் கொடுமைக்குக் கடிவாளம் போடத்தான் 1966இல் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வந்தது. வீட்டிலிருந்து சுற்றுகிறவரும் தொழிலாளிதான் என்று சட்டம் முதன்முறையாகச் சொன்னது. முதலாளிகள் சும்மா இருக்கவில்லை, நீதிமன்றம் போனார்கள். 1974இல் உச்சநீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. வைப்புநிதியும் வீட்டுத் தொழிலாளிக்கு உண்டு என்று 1985இல் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1976இல் நலநிதிச் சட்டம்: ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று தீர்வை பிடித்து, அதிலிருந்து மருத்துவமனை, பிள்ளைகளுக்குப் படிப்புத்தொகை, வீடு கட்ட உதவி. பல குடும்பத்தில் முதன்முதலில் கல்லூரி வாசல் மிதித்த பெண், அந்தப் படிப்புத்தொகையில் போனவள். 2017இல் சரக்கு சேவை வரி வந்தது. அதோடு நலநிதித் தீர்வையும் மற்றப் பல தீர்வைகளோடு அடித்துச் செல்லப்பட்டது. ஆயிரத்துக்கு ஐந்து ரூபாய் என்று பீடித் தொழிலாளியின் பெயரிலேயே வந்துகொண்டிருந்த வருவாய் அன்றோடு நின்றது. இனி தில்லி தன் பொது நிதியிலிருந்து அளந்து போடுவதுதான். தன் பணம் என்று கேட்பதற்கும், "ஏதாவது தாருங்கள்" என்று கேட்பதற்கும் உள்ள வேறுபாட்டை நான் சொல்லவேண்டுமா? பிறகு 1966ஆம் ஆண்டுச் சட்டமே போயிற்று. 2020இல் இயற்றப்பட்டு 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் அது கரைக்கப்பட்டு, ஒரு சில பிரிவுகளாகச் சுருங்கிக் கிடக்கிறது. போராடிப் பெற்ற தனிச் சட்டம் ஒன்றின் ஆயுள் ஐம்பத்தொன்பது ஆண்டு.

பணம் எங்கே போகிறது என்று பார்ப்போம். நம் இயக்கத் தோழர்கள் இதைக் கூர்ந்து கேட்கவேண்டும். அரசமைப்புச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் பொதுச் சுகாதாரமும் மருத்துவமனையும் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. புகையிலை மீதான ஆயத் தீர்வை மத்தியப் பட்டியலில் இருக்கிறது. 1957இல் மாநிலங்கள் சர்க்கரை, துணி, புகையிலை மூன்றின்மேலும் விற்பனை வரி போடும் உரிமையை விட்டுக்கொடுத்துக் கூடுதல் ஆயத் தீர்வையில் பங்கு பெற ஒப்புக்கொண்டன. கொடுத்தது உரிமை, வாங்கியது பங்கு. 2016இல் அரசமைப்பைத் திருத்தி, மறு ஆண்டு சரக்கு சேவை வரியைக் கொண்டுவந்தபோது, பெரும்பாலான பொருள்களுக்கு மத்திய ஆயத் தீர்வை ஒழிந்தது. பெட்ரோலிய வகைகளை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் ஒழியாமல் நின்றது புகையிலை ஒன்றுதான்: அதற்குச் சரக்கு சேவை வரியும் உண்டு, மேலே ஆயத் தீர்வை போடும் அதிகாரமும் தில்லிக்கு உண்டு. 2001 முதல் பேரிடர் நிதிக்கென்று ஒரு தனித் தீர்வையும் புகையிலைப் பொருள்மீது ஏறி உட்கார்ந்தது. இப்படிப்பட்ட சிறப்புத் தீர்வைகளை மாநிலங்களோடு பகிரவேண்டியதில்லை. ஆனால் புற்றுநோயோடு அந்தப் புகைப்பாளி வந்து படுப்பது எங்கே? காஞ்சிபுரத்து அரசு மருத்துவமனையில்! செங்கற்பட்டு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில்! கட்டில் மாநிலத்தினுடையது; மருந்து மாநிலத்தினுடையது; செவிலியர் சம்பளம் மாநிலத்தினுடையது.

"வருமானம் வருகிறதே, அந்நியச் செலாவணி வருகிறதே" என்பார்கள். வருகிறது; மறுக்கவில்லை. 2023–24இல் புகையிலை, புகையிலைப் பொருள் ஏற்றுமதி ஏறத்தாழ 12,000 கோடி ரூபாய். மறுபக்கத்தையும் பாருங்கள். 2017–18ஆம் ஆண்டுக்குச் செய்த ஆய்வு ஒன்று, புகையிலை தரும் நோயாலும் அகால மரணத்தாலும் நாட்டுக்கு ஏற்பட்ட இழப்பை 1,77,341 கோடி ரூபாய் என்று கணக்கிட்டது. நாட்டு வருமானத்தில் நூற்றுக்கு ஒன்றுக்கும் சற்று மேல். புகையிலை மூலம் ஆயத் தீர்வையாக நூறு ரூபாய் வந்தால், சமுதாயத்தின் தலையில் எண்ணூற்றுப் பதினாறு ரூபாய் விழுகிறது என்றது அதே ஆய்வு. நூறு ரூபாய்க்கு எருமை வாங்கி, எண்ணூறு ரூபாய்க்குத் தீனி போட்டு, பாலும் கறக்காத கதை. அந்த நூறு போய்ச் சேரும் வீடு வேறு, எண்ணூறு எடுக்கப்படும் வீடு வேறு; ஆகவேதான் இந்தக் கணக்கு எந்த நிதியமைச்சரையும் உறக்கம் இழக்கச் செய்வதில்லை.

பீடியைத் தனியாகப் பார்க்கவேண்டும். 2025 செப்டம்பரில் சரக்கு சேவை வரி மன்றம் கூடி, பீடிக்கு வரியை 28 விழுக்காட்டிலிருந்து 18ஆகக் குறைப்பதென்றும், மற்றப் புகையிலைப் பொருளுக்கு 40 ஆக்குவதென்றும் முடிவு செய்தது. பீடித் தொழிலாளியின் வாழ்வைக் காக்கவாம். நல்லது. பீடி பிடிப்பவன் யார்? மூட்டை தூக்குபவன், கல் உடைப்பவன், கூலி நெசவாளி. பீடி சிகரெட்டைவிடச் சாது என்று ஒரு நம்பிக்கை நம்மிடையே உண்டு; மருத்துவம் அதைப் பொய் என்று நிரூபித்துவிட்டது. ஆக, ஏழையின் நஞ்சுக்கு விலை குறைகிறது. குறைந்த வரியில் எத்தனை காசு சுற்றுகிற தாயின் முறத்துக்கு வந்தது என்று எவராவது கணக்குக் காட்டட்டும், நான் கைதட்டுகிறேன். தொழிலாளியின் பெயரைச் சொல்லி வரிச்சலுகை கேட்கும் கூட்டம், கூலி உயர்வு கேட்டால் "தொழில் நசிந்துவிட்டது" என்று கதவைச் சாத்துவதை நாம் பார்த்திருக்கிறோம்.

(நானும் வெற்றிலையோடு போயிலை போட்டவன்தான், தோழர்களே. மேடைப் பேச்சுக்காரனுக்கு அது ஒரு துணை. விட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. விட்ட கதையைச் சொல்லிப் பெருமையடித்தால் மனைவி சிரிப்பாள், ஏனெனில் விடவைத்தவள் அவள்.)

"அப்படியானால் புகையிலையை ஒழித்துவிடலாம், கொல்லையை உழுதுவிடலாம்" என்று ஒரு தோழர் கேட்கக்கூடும். நாட்டில் மொத்தச் சாகுபடி நிலத்தில் புகையிலை பிடித்திருப்பது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. நிலம் பெரிய பிரச்சினையன்று. அந்தச் சிறு நிலத்தை நம்பியவர்கள்தான் பிரச்சினை. உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கை 2005 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2004இலேயே ஒப்புதல் தந்துவிட்டது. அதன் பதினேழாம் விதி, உழவனுக்கும் தொழிலாளிக்கும் மாற்றுப் பிழைப்புக்கு வழிசெய்ய வேண்டும் என்கிறது. அட்டைப் பெட்டியில் 85 விழுக்காடு எச்சரிக்கைப் படம் போடவேண்டும் என்பது 2016 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்துவிட்டது. படம் அச்சாகிவிட்டது, பதினேழாம் விதி ஏட்டில் தூங்குகிறது. படம் போடச் செலவு முதலாளியுடையது. மாற்றுப் பிழைப்புக்குச் செலவு சர்க்காருடையது. தூக்கத்துக்குக் காரணம் அவ்வளவுதான்.

வழியே இல்லையா என்றால், உண்டு. கண்ணூருக்குப் போய்ப் பாருங்கள். 1966ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கேரள அரசு நடைமுறைப்படுத்தியதும், பெரிய பீடி முதலாளிகள் சட்டத்துக்குக் கட்டுப்படுவதைவிடக் கம்பெனியை மூடுவதே மேல் என்று மூடிவிட்டுப் போனார்கள். பல்லாயிரம் குடும்பம் தெருவுக்கு வந்தது. 1969இல், அரசு கடன் கொடுத்துத் துணை நிற்க, தொழிலாளர்களே தினேஷ் பீடிக் கூட்டுறவைத் தொடங்கினார்கள். நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை செய்யும் அளவுக்கு அது வளர்ந்தது. சட்டப்படி கூலி, விடுப்பு, வைப்புநிதி, ஓய்வூதியம். கூடத்தில் வரிசையாக உட்கார்ந்து சுற்றுவார்கள். ஒருவர் மட்டும் சுற்றாமல் நாளிதழைச் சத்தமாகப் படிப்பார். அவர் பங்குக்குப் பீடியை மற்றவர்கள் சுற்றிக் கொடுப்பார்கள். நம் படிப்பகங்களை நினைவூட்டுகிற பழக்கம்! நம் ஊர்த் தாய்மார்களைத் தனித்தனித் திண்ணையில் உட்காரவைத்தபோது, கூலியோடு சேர்த்துப் பறிபோனது இந்தப் படிப்பும்தான்.

தினேஷில் அதைவிட முக்கியமானது பின்னால் நடந்தது. பீடிக்குக் காலம் முடிந்துவருகிறது என்று அவர்களே உணர்ந்தார்கள். தொண்ணூறுகளின் இறுதியில் உணவுப் பொருள், குடை, ஆயத்த ஆடை, கணினிப் பணி என்று ஒவ்வொன்றாகத் தொடங்கினார்கள். பீடியைத் திடுமென்று நிறுத்தவில்லை. ஓய்வு பெறுகிறவர்களின் இடத்தில் புதிதாக ஆள் சேர்க்காமல், மறுபக்கம் வேறு வேலையை வளர்த்தார்கள். இலாபம் முதலாளி வீட்டுக்குப் போகாமல் இருந்ததால்தான் அதற்கு மூலதனம் இருந்தது. எல்லாம் வெற்றி என்று சொல்லமாட்டேன். பீடி நாளில் இருந்த எண்ணிக்கைக்கு அந்தப் புதுத் தொழில்களால் வேலை தர முடியவில்லை. ஆனால் தொழில் சுருங்கும்போது தொழிலாளியின் கழுத்தில் கயிறு விழாமல் சுருக்க முடியும் என்பதற்கு நம் கண்ணெதிரே அது ஒரு சாட்சி.

கூட்டம் தொடங்குமுன் அய்யம்பேட்டைப் பெரியவர் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். "ஐயா, எங்கள் தறிக்கே வழி காணோம், புகையிலைக்காரனுக்கு என்ன வழி சொல்லப் போகிறீர்?" என்றார். கோபத்தோடுதான் கேட்டார். அவருக்கு மேடையிலிருந்தே பதில் சொல்கிறேன் என்றேன். பெரியவரே, தறிக்குக் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. அதிலே குறைகள் உண்டு, ஊழல்கூட உண்டு. ஆனால் நூலுக்கும் கூலிக்கும் முகம் கொடுக்க ஓர் அலுவலகம், கேள்வி கேட்க ஒரு பொதுக்குழு உங்களுக்கு உண்டு. அந்தியூர்ப் புகையிலைக்காரனுக்கு அதுவும் இல்லை. முதலில் வேண்டியது அதுதான்: மெல்லும் புகையிலைக்கும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் எடைபோட்டு ஏலம் விடும் ஏற்பாடு, நடவுக்குமுன் கூட்டுறவுக் கடன், உப்புக் கிணற்றில் எது விளையும் என்று வேடசந்தூரில் செய்த ஆய்வைக் கொல்லைக்குக் கொண்டுவரும் அலுவலர். இராஜமுந்திரி நிலையமே தன் பெயரிலிருந்து புகையிலையை நீக்கி, வணிக வேளாண்மை ஆராய்ச்சிக்கான தேசிய நிறுவனம் என்று மாறிவிட்டது. பெயரை மாற்றிக்கொண்டவர்கள் உழவனுக்குப் பயிரை மாற்றும் வழியையும் காட்டவேண்டும் அல்லவா? புகையிலைமீது வரும் தீர்வையில் ஒரு பங்கு, அந்தப் புகையிலையால் வாழ்கிறவர்களின் மாற்றுப் பிழைப்புக்கென்றே ஒதுக்கப்படவேண்டும். அதை மாநிலத்தின் கையில் தரவேண்டும். இதைத் தில்லியில் கேட்க நம் பிரதிநிதிகள் இருக்கிறார்கள். கேட்பதற்குக் கணக்கு வேண்டும். கணக்கைத் தரவேண்டியவர்கள் நீங்கள்.

ஆகவே ஒன்று செய்யுங்கள். கொள்வினை கொடுப்பினையிலோ, தறிநூல் வாங்கவோ, குடியாத்தம், வேலூர் பக்கம் போகிற தோழர்கள் இருக்கிறீர்கள். போகும்போது பீடி சுற்றுகிற வீட்டுத் திண்ணையில் அரைமணி நேரம் உட்காருங்கள். ஆயிரத்துக்குக் கையில் என்ன கூலி கிடைக்கிறது, கொடுத்த இலை எடை சரியாக இருக்கிறதா, கழிவு எத்தனை, அடையாள அட்டை இருக்கிறதா, வைப்புநிதி எண் இருக்கிறதா, 2017க்குப் பிறகு பிள்ளைக்குப் படிப்புத்தொகை வந்ததா என்று கேளுங்கள். கேட்டதை ஒரு தாளில் எழுதி, ஊர்ப்பெயரோடு, அந்தத் தாயின் பெயர் போடாமல், மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்புங்கள். தை பிறப்பதற்குள் வந்து சேர்ந்தால் போதும்.